கொடைக்கானல் வானத்தில் என் ரத்த ஓட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் ஜெயித்த கதை. "கொஞ்சம் அடக்கமா எழுது செல்வி, ஊர்ல நாலு பேர் படிப்பாங்க" என்றார் என் கணவர் ஜான். நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதானே எழுதுகிறேன்? அந்த நாலு பேரில் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மாவும் இருந்தால் எனக்கு இன்னும் திருப்தி. அவர் யார் என்பது பின்னால் வரும்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் வடக்கே, ஒரு மேடுகூட இல்லாத தட்டையான ஊரில். வானம் பெரும்பாலும் அலுமினியப் பாத்திர நிறம். நீலம் தெரிகிற நாளில் ஊரே பூங்காவில் போய் விழுந்துவிடும். போன ஜூனில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. நாங்களும் போர்வையும் எலுமிச்சைச் சாதமுமாகப் போய்ப் படுத்தோம். எட்டு வயது மகள் ஷீலா மல்லாந்து கிடந்தவள், ஜெர்மனில் சொன்னாள்: "அம்மா, வானத்தில் குட்டிக் குட்டியாக என்னவோ ஓடுகிறது."

நான் எழுந்து உட்கார்ந்ததில் பிளாஸ்கிலிருந்த காபி எலுமிச்சைச் சாதத்தில் கொட்டிவிட்டது.

"எப்படி ஓடுது? நேராவா?" தமிழில் கேட்டேன்.

"இல்லை, வளைந்து வளைந்து. வெள்ளையாக. வந்து வந்து மறைந்துபோகிறது."

"நடுவுலயும் ஓடுதா?"

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நடுவில் இல்லை. சுற்றித்தான்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் போர்வைக்காரரின் நாய் குரைத்தது. இதைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் நான் சொன்னதில்லை. என் மகள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறவள். என் ஜெர்மன் பேச்சைத் திருத்துகிறவள். ரசத்தை "காரத் தண்ணீர்" என்று ஒதுக்குகிறவள். கொடைக்கானலை "உங்கள் மலை" என்கிறவள். நாளாக நாளாக இவளுக்கும் எனக்கும் பொதுவாக என்ன மிஞ்சும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மிஞ்சியது இதோ, வானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இவள் வயதில் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் நான் நோயாளி ஆனேன்.

2

எங்கள் வீடு கொடைக்கானலில், வத்தலக்குண்டு சாலைக்கு மேலே சரிவில் இருந்தது. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளியின் லாண்டிரியில் வேலை. வெளுத்த படுக்கை விரிப்புகளை எங்கள் வீட்டை ஒட்டிய புல் சரிவில் கொடி கட்டிக் காயப்போடுவார்கள். கொடைக்கானலில் துணி காயப்போடுகிறவர்களுக்கு ஒரு காவல்காரர் வேண்டும். திருடனுக்காக அல்ல, மேகத்துக்காக. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறியதும் குரல் கொடுக்க வேண்டும், எல்லாரும் ஓடிவந்து விரிப்புகளைச் சுருட்டுவார்கள். விடுமுறை நாட்களில் அந்தக் காவல் என்னுடையது. புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பதுதான் என் சோலி.

அந்த மலையின் நீலம் கீழே இருப்பவர்களுக்குக் கிடைக்காத நீலம். அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓட ஆரம்பிக்கும். கடுகில் பாதிகூட இல்லாத மினுக்கும் புள்ளிகள். திடீரென்று தோன்றி, வளைந்து ஓடி, மறையும். எல்லாம் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ளி ஓடும், பிறகு தளரும், மறுபடியும் தள்ளும்.

"அம்மா, வானத்துல வெள்ளையா ஓடுது" என்றேன்.

"மேகம் வருதான்னு பாக்கச் சொன்னா பூச்சி பறக்குதுங்கிற. எங்கடி ஓடுது?" அம்மா ஒரு நொடி அண்ணாந்து பார்த்தாள். கையில் ஈர விரிப்பு வேறு. "ஒண்ணும் இல்லையே."

மறுவாரமும் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். அதோடு அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. நந்தியாவட்டைப் பூவை நனைத்து இரண்டு கண்ணிலும் ஒத்தினாள். தினமும் பச்சைக் கேரட் தின்ன வைத்தாள். கொடைக்கானலில் கேரட்டுக்கா பஞ்சம்? முயலாக இருந்திருந்தால் கொழுத்திருப்பேன். கடைசியில் மதுரைக்கு அழைத்துப்போய் ஒரு கண் டாக்டரிடம் காட்டினாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்றார். "அப்ப கண்ணாடி போடணுமா?" என்று கேட்டாள் அம்மா.

டாக்டரை அவள் நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை. வத்தலக்குண்டில் வெள்ளித் தகட்டில் ஒரு ஜோடிக் கண்மலர் செய்து வாங்கினாள். "மாதாவே, எம்மக கண்ணுல இருக்க கோளாறு போகட்டும், ஒம்பாதத்துல வெள்ளிக் கண்ணு வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டு, அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். மாதத்துக்கு ஒருதரம் கேட்பாள்: "இன்னும் ஓடுதாடி?" நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓடுவதை ஓடவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஓடுதும்மா" என்பேன். டின் மூடியபடியே இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாத்தியார், நல்ல குடும்பம். அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்: "வாயத் தொறக்காத. முக்கியமா வானத்தப் பத்தி வாயத் தொறக்காத." பஜ்ஜியும் காபியும் முடிந்து மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார். நானும் நின்றிருந்தேன். என் கண் பழக்கதோஷத்தில் மேலே போய்விட்டது.

"என்னம்மா அப்பிடி வானத்தப் பாக்குற?" என்று பிரியமாகத்தான் கேட்டார்.

"வெள்ளைப் புள்ளியா ஓடுதுங்க. ஒங்களுக்குத் தெரியுதா?" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சொல்லி அனுப்பினார்கள். "பொண்ணு லச்சணமாத்தான் இருக்கு. கண்ணுலதான் ஏதோ கோளாறாம். நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வந்துட்டா என்ன பண்றது?" அம்மா அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கண்ண வச்சிக்கிட்டு என்ன செய்வ நீ" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. என் கண்ணில் கோளாறு இல்லை, நான் பார்ப்பது இருக்கிற ஒன்றைத்தான் என்று ஒருநாள் இவளை ஒத்துக்கொள்ள வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

3

பெருமாள்மலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகத்தில் நான் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் மூலமாகத்தான் நர்ஸ் பயிற்சிக்கு ஜெர்மனி வந்தது. கண் பரிசோதனையில் என்னைத் தள்ளிவிடுவார்கள் என்று அம்மா நிச்சயமாக நம்பினாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு வந்து சொன்னேன். "எழுத்துதான படிக்கச் சொன்னாக, வானத்தப் பாக்கச் சொல்லலையே" என்றாள்.

இங்கே வந்ததும் என் கண்ணைப்பற்றிய அடுத்த தகராறு வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில். படிவத்தில் கண் நிறம் என்ற இடத்தில் "கறுப்பு" என்று எழுதினேன். எழுத்தர் பேனாவை நீட்டினார். "கறுப்புக் கண் என்று ஒன்று கிடையாது. பழுப்பு என்று எழுதுங்கள்." எங்கள் ஊரில் எல்லாருக்கும் கறுப்புக் கண்தான் என்றேன். "அப்படியானால் உங்கள் ஊரில் எல்லாரும் தவறாக எழுதுகிறார்கள்" என்றார். வரிசை நீளமாக இருந்தது, விசா அவர் கையில் இருந்தது. பழுப்பு என்று எழுதினேன். இன்றுவரை என் காகிதங்களில் நான் பழுப்புக் கண்ணி.

பயிற்சி முடிந்து பல்கலைக்கழகக் கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வத்தலக்குண்டுக்காரரான ஜான் இங்கே டிராம் பணிமனையில் இருந்தார். எழுபதுகளின் பின்பாதியில் விடுப்பில் போய்க் கல்யாணம் செய்துகொண்டோம். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவரிடம் வானத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அதனால என்ன, எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்" என்றார். எனக்குக் கோளாறு இல்லை என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் தாலி ஏறிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் பேராசிரியர் என்னை ஒரு இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு குழாய்க்குள் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு நீல வெளிச்சம். அசல் கொடைக்கானல் நீலம். அதில் என் புள்ளிகள் ஓடின.

"ஏதாவது தெரிகிறதா?" என்றார். "தெரியாவிட்டால் பரவாயில்லை, பழகினால் எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும் என்று சொன்னார் ஐயா அவர். நான் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவை என்ன?" என்றேன்.

அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். கண்ணின் உள்சுவரில் மெல்லிய தாளைப்போல ஒட்டியிருக்கிறது விழித்திரை. பார்க்கிற காட்சி விழுவது அதில்தான். அதன்மேல் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, மையத்தில் ஒரு சின்ன வட்டத்தைத் தவிர. ரத்தத்தின் சிவப்பணுக்கள் நீல வெளிச்சத்தைக் குடித்துவிடும். இடையே எப்போதாவது ஒரு வெள்ளையணு வந்தால் அது நீலத்தை உள்ளே விட்டுவிடும். அந்த இடம் மட்டும் ஒளிப் புள்ளியாகத் தெரியும். புள்ளி ஓடுவது வானத்தில் அல்ல, நம் கண்ணுக்குள். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு தள்ளுத் தள்ளும்.

இத்தனை காலமும் நான் பார்த்தது என் சொந்த ரத்தம் ஓடுவதை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர அழுதேன். வெளியே வந்தபோது வரவேற்பில் இருந்த பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கிருந்த உற்சாகத்தில், வாய் குழறிய ஜெர்மனில், "என் கண்ணில் ரத்தம் ஓடுகிறது, மிக அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். என் சிவந்த கண்ணைப் பார்த்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

அன்றே அம்மாவுக்கு எழுதினேன். பக்கத்து வீட்டு டீச்சர் படித்துக்காட்டி, பதிலும் எழுதிப் போட்டார்: "ரத்தம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். விளக்கைப் பார்க்காதே. வேறு வேலை கேள். வேண்டுதல் இன்னும் பாக்கி இருக்கிறது."

4

பேராசிரியருக்கு ஒரு கேள்வி இருந்தது. வேலை செய்கிற தசைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பார்ப்பதும் வேலைதானே? விழித்திரைக்கு நிறையப் பார்க்கக் கொடுத்தால், அங்கேயும் ரத்த ஓட்டம் கூடுமா? உலகத்தில் வேறு சிலரும் இதே கேள்வியின் பின்னால் இருந்தார்கள். முதலில் கண்டது நாங்கள்தான் என்று சொல்ல வரவில்லை. எங்கள் அறையில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நீல வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதில் இயந்திரம் ஓட்டுகிற போலிப் புள்ளிகள். கையில் ஒரு திருகு. திருகினால் போலிப் புள்ளிகளின் வேகம் கூடும், குறையும். நம் கண்ணுக்குள் ஓடும் புள்ளிகளின் வேகத்துக்கு அதைச் சமமாக்க வேண்டும். இயந்திரத்தின் வேகம் தெரியும், ஆகவே நம் வேகமும் தெரிந்துவிடும். முதலில் சும்மா இருக்கும்போது ஒரு அளவு. பிறகு கண்ணெதிரே படபடவென்று மின்னி மின்னி அணையும் வெளிச்சம். விழித்திரைக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை. மின்னல் நின்றதும் உடனே மறுபடியும் அளவு.

பார்ப்பவர்கள் நாங்கள் ஒரு சிறு கூட்டம், மாணவர்களும் ஊழியர்களும். எல்லாருடைய அளவும் மின்னலுக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தது. என்னுடையது மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறியது. மின்னல் நின்றதும் என் புள்ளிகள் வெரசாக ஓடின. எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

ஒருநாள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. மிகவும் மென்மையாகத்தான் ஆரம்பித்தார். "உங்கள் அளவுகளை நாம் விலக்கிவிட வேண்டியிருக்கும். உங்கள் கண் மற்றவர்கள் கண்ணைப்போல இல்லை என்று நினைக்கிறேன்."

கடல் தாண்டி வந்தும் அதே வாக்கியம்! எனக்குள் திண்டுக்கல் அம்மாளும் என் அம்மாவும் பிஸ்கட் டின்னும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

"என் கண்ணில் கோளாறு இல்லை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மின்னல் நிற்பதற்கு முன்னாலேயே நீங்கள் திருகைத் தொடுகிறீர்கள். அது விதிக்குப் புறம்பு."

தொட்டேன்தான். அதில் தப்பு இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. அப்போதுதான் எனக்கே புரிந்தது, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், நான் என்ன செய்கிறேன் என்று.

எழுந்துபோய்க் கரும்பலகையில் ஒரு கோடு போட்டேன். பாம்பு நெளிவதுபோல நெளிந்து நெளிந்து இறங்கும் கோடு. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "முறுக்கிக்கொண்ட ரத்தக் குழாய். இது ஒரு நோய், நாம் பார்க்கும் விஷயம் இதுவல்ல" என்றார்.

"இது வத்தலக்குண்டு சாலை" என்றேன்.

5

பெருமாள்மலை மருந்தகத்துக்கு நான் போகவேண்டியது காலை பஸ்ஸில். நான் சாலைக்கு வருவதற்குள் அது பெரும்பாலும் கிளம்பியிருக்கும். மலையில் பிறந்தவர்கள் யாரும் பஸ்ஸின் பின்னால் ஓடமாட்டார்கள். அப்படி ஓடுகிறவரைப் பார்த்தால் சமவெளிக்காரர் என்று சிரிப்பார்கள். நாங்கள் சாலையை விட்டுவிட்டு, தைல மரங்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் குறுக்குப் பாதையில் போவோம். பஸ் வளைந்து சுற்றி வருவதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவில் போய் நிற்போம். மூச்சு வாங்க நேரம் இருக்கும். பஸ் தானாக வரும், வளைவில் தானாக மெதுவாகும். கண்டக்டர் படியில் நின்று, "ஏறு ஏறு, வெரசா!" என்பார்.

"அடுத்த பஸ்ஸில் போகலாமே?" என்றார் பேராசிரியர்.

"அடுத்த பஸ் மத்தியானம்."

கரும்பலகையில் நெளிந்த கோட்டின்மேல் குறுக்காக ஒரு நேர்கோடு இழுத்தேன். மின்னல் நின்றதும் வேகம் கூடித்தான் இருக்கிறது, ஆனால் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் அந்த வேகத்தைத் திருகால் துரத்துகிறார்கள். கூட்டிப் பார்த்து, குறைத்துப் பார்த்து, சமமாகிவிட்டது என்று அவர்கள் முடிவு செய்வதற்குள் வேகம் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. அவர்கள் பஸ்ஸின் பின்னால் ஓடுகிறார்கள். நான் வளைவில் போய் நிற்கிறேன். மின்னல் நிற்பதற்கு முன்னாலேயே போலிப் புள்ளிகளை வழக்கத்தைவிட வேகமாக வைத்துவிடுவேன். பிறகு திருகைத் தொடமாட்டேன். என் புள்ளிகள் முதலில் அவற்றை முந்தும். பிறகு தளரும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகிற ஒரு கணம் வரும். அதுதான் என் வளைவு. அங்கே பஸ்ஸில் ஏறிக்கொள்வேன்.

பேராசிரியர் என் நேர்கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்று ஒருவர் சொல்லலாம்" என்றார்.

"சோதித்துப் பாருங்கள்" என்றேன். கோபத்தில் சவால் விட்டுவிட்டேன். ஒருவேளை அம்மா சொன்னதுதான் சரி என்று வந்துவிட்டால்?

நியாயமான மனிதர், கடுமையாகவே சோதித்தார். திருகு இனி அவர் கையில். போலிப் புள்ளிகளின் வேகத்தை அவர் வைப்பார், எனக்குச் சொல்லமாட்டார். சில முறை மின்னும் வெளிச்சம். சில முறை திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மின்னலை நிறுத்திவிட்டு, அதே பிரகாசத்தில் மின்னாமல் நிலையாக எரியும் வெளிச்சம். எதுவானாலும் நான் வாயைத் திறந்து, சமமாகும் கணத்தில் "இப்போது" என்று மட்டும் சொல்ல வேண்டும். நிலையான வெளிச்சத்துக்குப் பிறகு நான் காத்துக் காத்துப் பார்த்தேன், என் புள்ளிகள் முந்தவே இல்லை. "பஸ் வரவில்லை" என்றேன். மின்னலுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பஸ் வந்தது. அவர் போலிப் புள்ளிகளை வேகமாக வைத்தபோது "இப்போது" சீக்கிரம் வந்தது, மெதுவாக வைத்தபோது தாமதமாக வந்தது. அந்தக் கணங்களை வரிசையாக அவர் தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தபோது, மேலேறியிருந்த ஓட்டம் படிப்படியாக இறங்கி வருவது மலைச்சாலை மாதிரி அழகாகக் கிடந்தது.

பிறகு மற்றவர்களையும் அதே முறையில் உட்காரவைத்தார். அவர்களுடைய ரத்தமும் ஓடியது, கூடியது. பார்க்கக் கொடுத்தால் விழித்திரை தன் ரத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, எல்லாக் கண்ணிலும், என் கண்ணில் எப்படியோ அப்படியே. பழுப்புக் கண், நீலக் கண், பச்சைக் கண் எதுவும் விலக்கில்லை.

இந்த நாட்டில் பிறந்தநாள் என்றாலும் பதவி உயர்வு என்றாலும் கொண்டாடுகிறவர்தான் கேக் வாங்கிவர வேண்டும். ஆகவே மறுநாள் நான் முந்திரி போட்டுக் கேசரி கிண்டிக்கொண்டு போனேன். போனால், பேராசிரியர் தன் கையால் செய்த ஒரு ஆப்பிள் கேக்கோடு நிற்கிறார். "இது எதற்கு?" என்றேன். "நேற்றுவரை நான் சமவெளிக்காரன்" என்றார். அந்த ஆய்வறையில் இன்றும் "வளைவில் நில்லுங்கள்" என்றால் எல்லாருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். என் மலை அங்கே ஜெர்மன் பேசுகிறது. எனக்கு இருந்த பெருமைக்கு அன்று வீட்டுக்கு டிராமில் போகாமல் நடந்தே போனேன்.

ஆனால் அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க இருக்கவகளுக்கும் கண்ணு கெட்டுப்போச்சு போல" என்று பதில் வந்தது.

6

அதனால்தான் பூங்காவில் ஷீலா சொன்னதைக் கேட்டதும் முடிவெடுத்தேன். இனிக் கடிதம் எழுதிப் பயனில்லை, நேரில் போய் வானத்தைக் காட்ட வேண்டியதுதான். பள்ளி விடுமுறை ஆகஸ்டில். ஆகஸ்டில் கொடைக்கானல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆத்திரத்தில் மறந்துவிட்டேன்.

நாங்கள் மூவரும் போய் இறங்கிய நாள் முதல் மேகம் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. எதிர்வீடு தெரியவில்லை. "ஏன்டி, ஒங்க ஜெர்மனிய இங்க கொண்டாந்துட்டியா?" என்றாள் அம்மா. ஷீலா சொன்னதை நான் பெருமையாகச் சொன்னபோது அவள் முகம் செத்துவிட்டது. "பிள்ளைக்கும் வந்துருச்சா?" என்று மெல்லக் கேட்டாள். திண்டுக்கல்காரர்கள் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஷீலாவின் கண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் காலை என் மகளின் தட்டில் பச்சைக் கேரட் கிடந்தது.

தினமும் நான் வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். தினமும் வெள்ளை. விடுப்பு கரைந்துகொண்டே வந்தது. இப்படியே திரும்பினால் அம்மா இனி என்னோடு என் மகளையும் சேர்த்து நோயாளியாக்கி, அந்த டின்னைப் பார்த்தே கண் மூடுவாள் என்று நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் கண்விழித்தால், ஜன்னலில் நீலம்! துவைத்துப் போட்டமாதிரி நீலம்.

"அம்மா, வா வெளிய!"

"அடுப்புல சோலி கெடக்கு."

"கெடக்கட்டும், வா."

சரிவில், பழைய துணிக்கொடிகள் இருந்த இடத்தில், சூரியன் தலைக்குப் பின்னால் இருக்கும்படி மல்லாந்து படுக்கச் சொன்னேன். "தரையிலயா? பாக்குறவுக என்ன நெனைப்பாக?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், மடிப்புக் கலையாத ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துவந்து விரித்துப் படுத்தாள். ஒருபக்கம் நான், ஒருபக்கம் ஷீலா. பக்கத்து வீட்டு டீச்சர் வேலியோரம் வந்து நின்றார்.

அம்மா கண்ணை அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டித் தேடினாள். "ஒண்ணையும் காணோமே. பருந்துதான் பறக்குது."

"தேடாத. ஒரே எடத்துல பாரு."

"ஒரே எடத்துல என்ன இருக்கு பாக்க?"

அப்போது ஷீலா அம்மாவின் கன்னத்தில் கையை வைத்து முகத்தை நேராக்கினாள். வந்த நாளிலிருந்து அம்மாச்சியிடம் தலையாட்டலில் மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், தன்னிடம் இருந்த தமிழில் சொன்னாள்: "சும்மா பாரு, அம்மாச்சி. சும்மா."

அம்மா சும்மா பார்த்தாள்.

டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார், நான் கையமர்த்தினேன். கீழே சாலையில் ஒரு ஜீப் போயிற்று.

"ஏடி" என்றாள். "ஏடி செல்வி. ஓடுதுடி."

"எங்க?"

"எங்கயா? இந்தா, வானம் பூராம் ஓடுது! அம்புட்டும் ஓடுது! நடுவுல மட்டும் இல்ல. ஒரு தள்ளுத் தள்ளுது பாரு, நெஞ்சு அடிக்கிறப்பல்லாம் தள்ளுது." அவள் கை தானாகவே நெஞ்சின்மேல் போயிருந்தது. துடிப்பைப்பற்றி நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

எனக்குக் கண்ணீர் வந்து புள்ளிகளெல்லாம் கலங்கிவிட்டன. அது அவள் ரத்தம் என்றேன். சிவப்பு நீலத்தைக் குடித்துவிடும், வெள்ளை மட்டும் தெரியும் என்றேன். "நீலம் போட்டாத்தான் வெள்ள எடுப்பாத் தெரியும். லாண்டிரில இருந்தவளுக்கு இதச் சொல்லித்தாரியாக்கும்" என்றாள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

விரல்களை விரித்துக் கண்ணுக்கு முன்னால் படபடவென்று ஆட்டிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். ஏழைக்கேற்ற மின்னல். ஆட்டினாள், பார்த்தாள். "இப்ப வெரசா ஓடுதா?" "வெரசா ஓடுதுடி!" உண்மையிலேயே கண்டாளா, எனக்காகச் சொன்னாளா, தெரியாது. எங்கள் பேராசிரியராக இருந்தால் அந்த அளவை விலக்கியிருப்பார். நான் விலக்கவில்லை. அதற்குள் டீச்சர் வேலியைத் தாண்டி வந்து விரிப்பில் இடம் பிடித்திருந்தார். மேகம் ஏறி வருவதற்குள் தெருவில் பாதிப்பேர் எங்கள் சரிவில் மல்லாந்து கிடந்தார்கள். "ஆமா, ஓடுது!" "எனக்கும் ஓடுது!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தல். என் வாழ்க்கையில் கேட்ட கைதட்டல்களிலேயே பெரியது அதுதான்.

மறுநாள் வெள்ளனே பஸ். அம்மா சேலை மாற்றித் தயாராக நின்றாள், கையில் பிஸ்கட் டின். "கோயிலுக்குப் போயிட்டுப் போலாம்." உள்ளே வெள்ளிக் கண்கள் பளபளத்தன. கறுத்துப்போயிருந்ததைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.

கோயிலில் மாதாவின் பாதத்தில் அவற்றை வைத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் நம்பவில்லையா?

"என் கண்ணுலதான் கோளாறே இல்லையேம்மா. எதுக்கு வைக்கிற?"

"இது ஒங்கண்ணுக்கு இல்லடி" என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்கண்ணுக்கு. இம்புட்டு வருசமா மூடிக்கெடந்துச்சுல்ல."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். சாலையில் பஸ் ஹாரன் கேட்டது, கிளம்பும் சத்தமும் கேட்டது. வாசலில் நின்ற ஜான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

"ஓடாதீங்க" என்றேன். "அடுத்த வளைவுல ஏறிக்கலாம். நான் எங்கம்மாகூடக் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன்."